சீனி இல்லாத வீடு

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு பங்குனியில், சண்டிலிப்பாயில் தியாகலிங்கத்தின் வீட்டுக் குசினியில் சில நாட்களில் விடியும்போதே இரண்டு கேத்தில்கள் அடுப்பில் இருக்கும். ஒன்று தேத்தண்ணிக்கு. மற்றது மூடி தொலைந்துபோன பழைய கேத்தில். அதில் வெறும் தண்ணீர் கொதித்ததும் அவர் மனைவி பாலேஸ்வரி ஒரு கண்ணாடிக் குழாயை நூலில் கட்டி உள்ளே இறக்குவாள். குழாயில் நீல மருந்து ஒரு தேக்கரண்டி. அதற்குள் கணவர் விடிய எழும்பிப் பெய்த சலத்தில் எட்டுச் சொட்டு. நிறம் மாறி முடியும்வரை அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து நூலைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

"இஞ்சரும், கேத்திலை மாறிப்போடாதையும்," என்று விறாந்தையிலிருந்து தியாகலிங்கம் குரல் கொடுப்பார்.

"பகிடியை விட்டிட்டுப் புண்காலைத் துணியாலை மூடுங்கோ. இலையான் மொய்க்கப்போகுது."

மருந்து கொதித்த பிறகும் நீலமாகவே நின்றால் சலத்தில் சீனி இல்லை. பச்சையானால் கொஞ்சம். மஞ்சளானால் அதிகம். சிவந்தால் கூடாது. இதை மருந்துச்சாலையில் நோயாளரைப் பார்க்கும் அப்போதிக்கரி சிவசுப்பிரமணியம் ஒரு கடுதாசியில் எழுதிக் கொடுத்திருந்தார். பாலேஸ்வரி கடுதாசியை அலுமாரிக்குள் வைத்துவிட்டு, நிறங்களுக்குத் தன்பாட்டில் பெயர் வைத்துக்கொண்டாள். பச்சைக்கு வல்லாரை. மஞ்சளுக்குக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம். சிவப்புக்குக் கூரை ஓடு. நீலத்துக்குப் பெயர் வைக்கவில்லை. கொதித்த பிறகு நீலம் நின்றதை அவள் இன்னும் காணவில்லை.

நூலை மேலே இழுத்தாள்.

"என்னவாம்?"

"ஓடு," என்றாள்.

சண்டையால் குடாநாட்டுக்குள் மண்ணெண்ணெய் வருவது தடைப்பட்டு இரண்டு வருசம் ஆகப்போகிறது. தண்ணீர் இறைக்கும் மிசின்கள் சாக்கால் மூடிக் கிடந்தன. தோட்டக்காரர்கள் கொட்டில்களில் போட்டிருந்த பழைய துலாக்களைத் தேடி எடுத்துக் கிணறுகளில் ஏற்றினார்கள். ஐம்பத்து மூன்று வயதில் தியாகலிங்கம் மறுபடி துலா மிதிக்கத் தொடங்கினார். கிணற்றுக்கு மேலே நீண்டு கிடக்கும் மரத்தில் ஒருவர் முன்னும் பின்னும் நடக்க வேண்டும். அவருடைய பாரத்துக்கு வாளி இறங்கும், ஏறும். கீழே நிற்பவர் வாளியைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். பாலேஸ்வரி கீழே நின்றாள். மேலே நடக்கிறவர் கால் விரல்களால் மரத்தைக் கவ்விக்கொள்ள வேண்டும். பெருவிரல் பிடிக்காவிட்டால் ஆள் கிணற்றுக்குள்.

முந்திய மாசி மாதத்தில் ஒரு காலை, மரத்திலிருந்த சிராய் ஒன்று அவருடைய வலது பெருவிரலில் ஏறியது. பிடுங்கி எறிந்துவிட்டு மிதித்தார். பத்து நாளாகியும் அது ஆறவில்லை. வீங்கி, ஓரத்தில் சீழ் வைத்தது. பாலேஸ்வரி அவரைச் சைக்கிளில் பின்னால் இருத்தித் தானே தள்ளிக்கொண்டு மருந்துச்சாலைக்குப் போனாள்.

சிவசுப்பிரமணியம் விரலைப் பார்க்க முன்பே கேள்வி கேட்கத் தொடங்கினார்.

"தண்ணி விடாய் கூடவோ?"

"வெயிலுக்கை நிக்கிறவனுக்கு விடாய் வராதோ ஐயா?"

"இரவிலை எத்தினை தரம் எழும்புறனீர்?"

இதற்குப் பாலேஸ்வரி பதில் சொன்னாள். "நாலு தரம் ஐயா. ஹெலிக்கொப்டர் சத்தத்துக்குப் பயந்து எழும்புறாராக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு கிடந்தன்."

"இது ஹெலி இல்லைப் பிள்ளை. சலரோகம். எவ்வளவு காலமாய் இருந்ததெண்டு ஆருக்குத் தெரியும்." அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு சின்னக் கடுதாசிச் சரையில் குளிசை எடுத்தார். "இதுதான் இருக்கு. பாதி பாதியாய் முறிச்சுப் போடும். ஊசி மருந்தெண்டால் குளிரிலை வைக்கவேணும், கறண்ட் எங்கை? ஆனபடியால் வாயைக் கட்டுறதுதான் வைத்தியம். சோறு ஒரு நேரம், ஒரு கைபிடி. மற்ற நேரத்துக்குக் குரக்கன். இலைவகை எவ்வளவெண்டாலும் சாப்பிடும். மீன் சாப்பிடலாம், பொரிக்காமல். தேங்காய்ப்பாலைக் குறையும். சும்மா குந்தியிராமல் கைக்கு ஒரு வேலை குடும். இது ஒண்டும் காசு பிடிக்கிற வைத்தியம் இல்லை. சீனியை மட்டும் வாயிலை வைக்கப்படாது. கண்ணாலும் பாக்கப்படாது."

"விரல் ஐயா?" என்று கேட்டாள் பாலேஸ்வரி.

"மூண்டு கிழமை பாப்பம். சலத்திலை சிவப்பு இறங்காட்டில் விரல் கறுக்கும். கறுத்தால் நான் பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தரத்தான் வேணும். அங்கை விரலை எடுப்பினம்."

தியாகலிங்கம் விரலைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய பழைய கலண்டரைப் பார்த்துக்கொண்டு, "விரல் இல்லாமல் துலா மிதிக்கேலாது," என்றார், அப்போதிக்கரிக்கு அது தெரியாது என்பதுபோல.

வீட்டுக்கு வந்ததும் பாலேஸ்வரி செய்த முதல் வேலை, சீனிப் பேணியை இறக்கியது. பேணியின் அடியில் மிஞ்சியிருந்ததை, மீன் கொண்டுவரும் யசிந்தாவின் பிள்ளைகளுக்கு என்று கடுதாசியில் சுருட்டி வைத்தாள். பேணியைச் சாம்பல் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, அதற்குள் மல்லி போட்டாள்.

"இந்த வீட்டிலை இனிச் சீனி எண்ட பேரே இல்லை," என்றாள்.

பின்னேரம் தேத்தண்ணியோடு வந்தாள். தியாகலிங்கம் மூக்குப்பேணியை வலது கையில் வாங்கிக்கொண்டு இடது கையை நீட்டினார். அவள் உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டி வைத்தாள். அவர் கடித்தார், ஒரு மிடறு குடித்தார்.

"சின்னத் துண்டாய்க் கிடக்கு."

"இந்தாங்கோ." இன்னொன்று வைத்தாள். "சீனியும் இல்லாமல் என்னண்டு குடிக்கிறது. இது பனைதானே, சூட்டைக் குறைக்கும்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் நடந்ததை அப்போதிக்கரி வந்து பார்த்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார். பாலேஸ்வரி விடிய எழும்பி வேலியோரம் போவாள். முருங்கையிலை ஒரு நாள், முசுட்டை ஒரு நாள், வாய்க்கால் ஓரத்து வல்லாரை ஒரு நாள். குரக்கன் தானியத்தை வறுத்துத் திரிகையில் அரைத்துப் புட்டு அவித்தாள். தேங்காய்ப்பூவைப் பாதியாகக் குறைத்து, மிச்ச இடத்துக்கு முருங்கையிலையைச் சுண்டிப் போட்டாள். ஒரு நாளைக்குப் பனங்கிழங்கு ஒடியல்மாவில் கூழ். புழுங்கலரிசியை உரலில் இடித்து, தவிட்டோடு ஒரு கைபிடி உலை வைத்தாள். கைபிடி என்றால் அவளுடைய கைபிடி. அவருடையது பெரிது என்று அளக்க விடமாட்டாள். அவருக்கு என்னவோ அதைத்தான் தானும் சாப்பிட்டாள். இரண்டு கறி வைக்க விறகும் இல்லை, மனமும் இல்லை.

தோட்டத்தில் அயல் தோட்டக்காரர் அருளம்பலம் துலாவில் ஏறினார். பாலேஸ்வரி கீழே நின்று கவிழ்த்தாள். முறைக்கு முறை அருளம்பலத்தின் தோட்டத்துக்கும் போய் நின்றாள். தியாகலிங்கம் வரம்பில் ஒரு பலகையைப் போட்டு, காலை வாழைமடலில் நீட்டிக்கொண்டு, கைக்கு எட்டிய மட்டும் வெங்காயத்தில் புல்லுப் பிடுங்கினார். வெயில் ஏறினால் பலகையை இழுத்து அடுத்த பாத்திக்குப் போவார்.

இரண்டு நாளைக்கு ஒருக்கால் யசிந்தா வருவாள். குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் இருந்தாள். கடலுக்குப் போக முடியாமல் அவள் புருசன் சிமியோன் வலையைத் தைத்துத் தைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அவள் மேற்குக் கரைக்கு விடிய நடந்து போய், கிடைத்த சூடை மீனைக் கடகத்தில் போட்டுக்கொண்டு வருவாள்.

"அக்கா, இண்டைக்கும் சூடைதான். எங்கடை பக்கத்திலை இதைப் பூனை வந்து மணந்திட்டுப் போகும். இப்ப டொக்குத்தர்மார் நல்லதெண்டு சொல்லுகினம், எனக்கும் மதிப்பு வந்திட்டுது."

"நீ மதிப்பை வைச்சிரு. மீனைக் காட்டு. கண் சிவந்து கிடக்கே?"

"அது நித்திரை இல்லாமல். என்ரை கண்ணைப் பாருங்கோ, அதிலும் சிவப்பு."

ஒருநாள் யசிந்தா வந்தபோது பாலேஸ்வரி ஜேர்மனியிலிருக்கும் மகன் குகதாசனின் கடிதத்தை மூன்றாம் தரமாக வாசித்துக்கொண்டிருந்தாள். கொழும்பிலிருந்து ஆரோ கையில் கொண்டுவந்த கடிதம். "அப்பாவை ஒவ்வொரு நாளும் நடக்கச் சொல்லுங்கோ. இஞ்சை வெள்ளைக்காரர் விடியக் காலமை சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஓடுகினம். வயது போனவையும் ஓடுகினம்" என்று எழுதியிருந்தான்.

"ஆர் கலைக்கிறது?" என்று கேட்டாள் யசிந்தா.

"ஒருத்தரும் இல்லையாம். சுகத்துக்கு ஓடுகினமாம்."

"யேசுவே! கலைக்காமலும் ஓடுற சனம் இருக்கோ? நாங்கள் குருநகரிலையிருந்து ஓடின ஓட்டத்துக்கு எனக்கு நூறு வயசு வரவேணும்."

வரம்பிலிருந்து தியாகலிங்கம் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்துக் கன நாள் என்று பாலேஸ்வரிக்குத் தோன்றியது.

ஆனால் குழாய் சிரிக்கவில்லை. நீல மருந்து கொஞ்சம்தான் இருந்ததால் மூன்று நாளைக்கு ஒருக்கால்தான் பார்த்தாள். ஓடு. மறுபடி ஓடு. பதினோராம் நாளும் ஓடு. அவள் கேத்திலை இறக்கிவிட்டு விறாந்தைக்கு வந்தாள்.

"உண்மையைச் சொல்லுங்கோ. எங்கையோ திண்டிட்டு வாறியள்."

"இந்த ஊரிலை என்ன கிடக்கு திண்ண?"

"சந்தியிலை ஏரம்பற்றை தேத்தண்ணிக் கடையிலை சீனி கிடக்கு. பதுக்கின சீனி. கேக்கிறவைக்கு ரெண்டு கரண்டி போட்டு அடிச்சுக் குடுக்கிறானாம்."

"நான் அங்கை ரேடியோ சுத்தப் போறனான். நீர்தானே கட்டித் துண்டை லேஞ்சியிலை முடிஞ்சு தாறனீர். அதைக் கடிச்சுக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன். பிள்ளையாராணை."

"பிள்ளையாரை இழுக்காதேங்கோ. அப்ப உந்தச் சிவப்பு எங்கையிருந்து வருது?"

அவர் துணியை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

சந்தியிலிருந்த ஏரம்புவின் தேத்தண்ணிக் கடையில் ஒவ்வொரு பின்னேரமும் ஒரு சைக்கிளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் கறண்டில் ரேடியோ செய்தி சொல்லும். சீராகச் சுற்ற வேண்டும். வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவர் உறங்கிப்போவார். கூடினால் ரேடியோ எரிந்துபோகும் என்று பயம். துலா மிதிக்க முடியாமல் போன நாளிலிருந்து அந்த வேலை தியாகலிங்கத்தினுடையது. கைக்கு வேலை கொடுக்கச் சொல்லி அப்போதிக்கரியும் சொல்லியிருந்தார். அருளம்பலத்தின் சைக்கிளில் ஏறிப் போய், வாங்கில் காலை நீட்டிக்கொண்டு அரை மணித்தியாலம் சுற்றுவார். அவர் சுற்றினால் குரல் தளம்பாது என்று கடையில் எல்லாரும் சொல்வார்கள்.

அடுத்த நாள் ஏரம்பு படலையடியால் போகும்போது பாலேஸ்வரி மறித்தாள். "தம்பி, எங்கடை அவருக்குச் சீனி குடுத்தால் உனக்குத்தான் பாவம். அவற்றை விரல் போகும். களவாய்க் குடிக்கிறார் எண்டு எனக்குத் தெரியும்." ஏரம்பு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் நிற்கவில்லை.

அன்று பின்னேரம் தியாகலிங்கம் வாங்கில் இருந்து பெடலைப் பிடித்தபோது ஏரம்பு எல்லாருக்கும் தேத்தண்ணி வைத்தான். அவருக்கு வைக்கவில்லை.

"குறை நினையாதேங்கோ தியாகண்ணை. அக்கா மறிச்சுச் சொல்லிப்போட்டா. நீங்கள் களவாய்ச் சீனி குடிக்கிறியளாம்."

கடையில் சிரிப்பு எழுந்தது. "வீட்டை போனால் அடிக்க ஈர்க்கு வைச்சுக்கொண்டு நிப்பா," என்றார் ஒருவர். "லேஞ்சியை அவிட்டுப் பாருங்கோடா," என்றார் இன்னொருவர். தியாகலிங்கம் பெடலை விட்டார். செய்தி வாசிப்பவரின் குரல் கீழே கீழே போய் நின்றது.

வீட்டுக்கு வந்து அவர் சத்தம் போடவில்லை. காலைத் தூக்கி வாங்கில் வைத்தார். அவள் உப்புத் தண்ணீரால் புண்ணைக் கழுவும்போது, "நீர் என்னைக் கள்ளனெண்டு சந்தியிலை சொல்லிப்போட்டீர்," என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவர் சந்திக்குப் போகவில்லை. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் இடையில் பலகையோடு இருந்தார். கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னார். தேத்தண்ணி நேரத்தில் மட்டும் இடது கை பழையபடி நீண்டது. பாலேஸ்வரிக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது. சொல்ல வேண்டியதை வாயால் சொல்லத் தெரியாமல், துண்டைக் கொஞ்சம் பெரிதாக உடைத்து வைத்தாள்.

பனங்கட்டி கொண்டுவருவது நல்லம்மா. பண்டத்தரிப்புப் பக்கத்திலிருந்து, ஓலைக் குட்டான்களில் ஊற்றி இறுகின கட்டியைக் கொண்டுவந்து வெங்காயத்துக்கு மாற்றிக்கொண்டு போவாள். பங்குனி நடுவில் கரையோரத்தில் ஷெல் விழத் தொடங்கியது. நல்லம்மா வரவில்லை. குட்டான் முடிந்தது.

தியாகலிங்கம் கையை நீட்டினார்.

"கட்டி முடிஞ்சுது. நல்லம்மா இந்தப் பக்கம் காணேல்லை."

அவர் கையை மடக்கிக்கொண்டு வெறும் தேத்தண்ணியைக் குடித்தார். அடுத்த நாளும் அப்படி. ஐந்து நாள் போனது.

ஐந்தாம் நாள் விடிய அவள் நூலை இழுத்தபோது குழாயைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். பிறகு யன்னலடிக்கு ஓடினாள். பிறகு முற்றத்துக்கு.

"வல்லாரை!" என்று கத்தினாள். "இஞ்சேருங்கோ, வல்லாரை!"

தியாகலிங்கம் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பச்சைதான். அவர் முகமும் ஒரு கணம் மலர்ந்தது. அப்போது பாலேஸ்வரி சந்தோச மிகுதியில் சொன்னாள்: "பாத்தியளே! சந்திக்குப் போகாமல் விட்டவுடனை இறங்கிவிட்டுது."

அவர் குழாயைத் திருப்பிக் கொடுத்தார். "ஓம். கள்ளன் திருந்திட்டான் எண்டும் போய்ச் சொல்லிவிடும்," என்று சொல்லிவிட்டுப் பலகையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு நொண்டிக்கொண்டு போனார்.

அன்று மத்தியானமே நல்லம்மா வந்தாள். பாலேஸ்வரி இரண்டு குட்டான் வாங்கினாள். ஐந்து நாள் வெறும் தேத்தண்ணி குடித்த மனுசன், அவர் மனத்தையும் நோகப்பண்ணியாயிற்று. பின்னேரம் அரைக் கட்டியை அப்படியே உள்ளங்கையில் வைத்தாள். இரவு குரக்கன் புட்டுக்கும் சீவிப் போட்டாள். அடுத்த நாளும்.

மூன்றாம் நாள் ஓடு.

பாலேஸ்வரி அடுப்புக்கு முன்னால் அப்படியே இருந்துவிட்டாள். சந்திக்கு அவர் போகவில்லை. படலையைத் தாண்டவில்லை. விடிந்தால் பொழுதுபட்டால் அவள் கண்ணுக்கு முன்னால்தான். அவள் கையால் கொடுக்காத ஒன்றும் அவர் வாய்க்குள் போகவில்லை. அப்போதிக்கரி சொன்ன மூன்று கிழமைக்கு மிச்சம் ஒரு நாள். முந்தின நாள் புண்ணைக் கழுவும்போது விரலின் ஓரத்தில் ஒரு கருமை தெரிந்ததுபோல இருந்தது. அவருக்குச் சொல்லவில்லை.

யசிந்தா வந்து கடகத்தை இறக்கினாள். பாலேஸ்வரி ஒரு மூக்குப்பேணியில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, பனங்கட்டியும் ஒரு துண்டு நீட்டினாள்.

"என்னக்கா, முகம் செத்துப்போய்க் கிடக்கு?" யசிந்தா கட்டியைக் கடித்தாள். கண்ணை மூடினாள். "அம்மாணை, எவ்வளவு நாளுக்குப் பிறகு. இதென்ன இனிப்பு! சீனி எல்லாம் இதுக்குக் கிட்ட வராது."

பாலேஸ்வரி அவளைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த மிச்சத் துண்டைப் பார்த்தாள்.

"என்ன சொன்னனீ?"

"இனிப்பெண்டன். ஏன், அது பிழையோ?"

யசிந்தா போனதும் பாலேஸ்வரி குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினாள். நீல மருந்துப் போத்தலைச் சரித்துப் பார்த்தாள். இரண்டு தேக்கரண்டி இருக்கும். ஊரில் வேறு எங்கும் இல்லை. அப்போதிக்கரி தன்னுடைய பழைய போத்தலிலிருந்து ஊற்றித் தந்தது. ஒன்றை வீணாக்கினால் மிச்சம் ஒரே ஒரு தரம்தான் பார்க்கலாம். கொஞ்ச நேரம் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு தேக்கரண்டியைக் குழாயில் ஊற்றினாள். பனங்கட்டித் துண்டொன்றைச் சிரட்டையில் போட்டு, சுடுதண்ணி விட்டுக் கரைத்தாள். அதில் எட்டுச் சொட்டு. எண்ணி எண்ணி விட்டாள். கேத்திலில் இறக்கினாள்.

வெளியே துலா கிறீச்சிட்டு ஏறி இறங்கியது. நீலம் முதலில் கலங்கியது. பச்சையில் நிற்கும் என்று பார்த்தாள், நிற்கவில்லை. மஞ்சளுக்குப் போய், அங்கிருந்து இறங்கி, அடியில் செம்மண்போலப் படிந்தது. சுட்ட ஓடு. அவருடைய குழாயில் இத்தனை நாளும் கண்ட அதே ஓடு.

அவள் அழவில்லை. கேத்திலை இறக்கினாள். இரண்டு குட்டானையும் எடுத்து யசிந்தாவின் பிள்ளைகளுக்கென்று ஒரு பையில் போட்டுக் கட்டினாள். பிறகு முகம் கழுவினாள். சேலையை மாற்றினாள்.

சந்திக் கடைக்கு அந்த ஊர்ப் பெண்கள் போவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் றோட்டில் நின்று கூப்பிடுவார்கள். பாலேஸ்வரி போனபோது சைக்கிள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஏரம்புவே பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தான். செய்தி வாசிப்பவர் குடித்தவரைப்போல இழுத்து இழுத்துப் பேசினார். அவள் உள்ளே வந்து வாங்குக்குப் பக்கத்தில் நின்றதும் ஏரம்பு கையை எடுத்தான். ரேடியோ நின்றது. ஏழெட்டு ஆண்கள் அவளைப் பார்த்தார்கள். அருளம்பலமும் இருந்தார்.

"எங்கடை அவரிலை பிழை இல்லை," என்றாள் பாலேஸ்வரி. சீலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தாள். "அவர் இஞ்சை ஒண்டும் குடிக்கேல்லை. களவாய் ஒண்டும் செய்யேல்லை. நான்தான் என்ரை கையாலை ஒவ்வொரு நாளும் பனங்கட்டி குடுத்தனான். சீனிதானே கூடாதெண்டவர் எண்டு குடுத்தனான். இண்டைக்குக் கரைச்சுப் பாத்தன். அதுக்குள்ளையும் சீனிதான். ஏரம்பு, உனக்கு நான் சொன்னது பொய். எல்லாரும் கேட்டதுதானே. இதையும் கேளுங்கோ."

சுவரோரம் இருந்த கிழவர் ஒருவர் கையிலிருந்த பனங்கட்டியைப் பார்த்துவிட்டு மெல்லப் பேணிக்குப் பக்கத்தில் வைத்தார். "அப்ப எனக்கும் உதுதானோ," என்றார்.

பாலேஸ்வரி திரும்பி நடந்தாள்.

அருளம்பலம் அவளை முந்திக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டார். அவள் படலையைத் திறந்தபோது தியாகலிங்கம் முற்றத்தில் நின்றார், ஒற்றைக் காலில் பாரம் கொடுத்து, வேலியைப் பிடித்துக்கொண்டு.

"நீர் சந்திக்குப் போனனீராம்."

"ஓம்."

"கடைக்குள்ளை. அத்தினை ஆம்பிளையளுக்கு முன்னாலை."

"சொன்னது அங்கைதானே. அங்கை போய்த்தானே அதை எடுக்கவேணும்."

அவர் ஏதோ சொல்ல நினைத்து, "கால் கழுவிப்போட்டு வாரும், தூசி," என்றார். அவள் காலைக் கழுவிவிட்டு வந்து அவருக்குப் பக்கத்தில் விறாந்தையில் இருந்தாள்.

"எனக்கும் ஒருக்கால் அந்த நினைவு வந்தது," என்றார் அவர். "கட்டி இல்லாத அஞ்சு நாளும் தண்ணி விடாய் குறைஞ்சு கிடந்தது. ஒருக்கால்தான் எழும்பினன்."

"அப்ப ஏன் சொல்லேல்லை? கடவுளே, ஏன் வாய் திறக்கேல்லை?"

"நீர் வைச்ச கட்டி. அதிலை என்னண்டு பிழை வரும் எண்டு விட்டிட்டன்."

இப்போதுதான் அவள் அழுதாள். அவர் துவாயை நீட்டினார்.

அடுத்த நாள் சிவசுப்பிரமணியம் கதையைக் கேட்டு, நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "சீனி எண்டுதான் சொன்னனான். அதை மட்டும்தான் சொன்னனான்," என்றார். "முப்பது வருசமாய் அப்பிடித்தான் சொல்லுறன். எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பன்." விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கருமை ஓரத்தில்தான், தோலில்தான் என்றார். பெரியாஸ்பத்திரிக்கு எழுதும் கடுதாசியை வெளியே எடுத்து, எழுதாமல் லாச்சியில் வைத்தார். "பத்து நாள். அதுக்கை இறங்கவேணும். மருந்து ஒரு தரத்துக்குத்தான் இருக்கெண்டால் பத்தாம் நாள் பாருங்கோ. இடையிலை ஆசைப்பட்டுப் பார்த்துப் போடாதேங்கோ."

அன்றிலிருந்து மருந்துச்சாலையில் அவர் ஒவ்வொரு சலரோகக்காரருக்கும், "சீனி, சர்க்கரை, பனங்கட்டி, கற்கண்டு, தேன், கருப்பணி," என்று விரல் மடித்து ஓதத் தொடங்கினார். வெளி வாங்கில் இருந்த சனங்களுக்கு அது பாடமாகி, அவர் ஒன்றை விட்டால் எடுத்துக் கொடுத்தார்கள்.

பத்து நாளும் பாலேஸ்வரி அவரை விடச் சுறுக்காக வெறும் தேத்தண்ணி பழகினாள். முதல் நாள் முகம் சுளித்தாள்; அவர் சிரித்தார். இஞ்சி தட்டிப் போட்டாள். ஒருநாள் தேசிப்புளி விட்டாள். யசிந்தா வந்தாள். "ரெண்டு குட்டானும் என்ரை பிள்ளையள் ஒரே நாளிலை முடிச்சுதுகள் அக்கா. நீங்கள் வேறை என்ன நஞ்சு வைச்சிருக்கிறியள், தாங்கோ," என்றாள். பின்னேரங்களில் ஏரம்பு ஆள் அனுப்பினான்: செய்தி விளங்கவில்லையாம், தியாகண்ணை வரவேண்டுமாம். இரண்டு நாள் கேட்காதவர்போல இருந்துவிட்டு மூன்றாம் நாள் போனார். அவர் பெடலைப் பிடித்ததும் செய்தி வாசிப்பவருக்கு வெறி தெளிந்தது என்று அருளம்பலம் வந்து பாலேஸ்வரிக்குச் சொன்னார். ஏரம்பு தேத்தண்ணியைத் தானே கொண்டுவந்து, "வெறும், வெறும், எல்லாரும் பாருங்கோ," என்று தூக்கிக் காட்டிவிட்டுத்தான் வைத்தானாம்.

ஒவ்வொரு நாளும் புண்ணைக் கழுவும்போது பாலேஸ்வரி ஓரத்தை மட்டும் பார்த்தாள். கருமை பரவவில்லை. ஒருநாள் தோல் காய்ந்து உரிந்து, அடியில் ரோசாவாக ஏதோ தெரிந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஓடு என்று வாயால் சொல்லிச் சொல்லி அவளுக்குப் பயமாகிவிட்டது.

பத்தாம் நாள் விடிய இரண்டு கேத்திலும் கொதித்தன. போத்தலைக் கவிழ்த்துப் பிடித்துக் கடைசிச் சொட்டுவரை கரண்டியில் விட்டாள். எட்டுச் சொட்டு. நூலைக் கட்டி இறக்கினாள். இந்தத் தரம் அவள் குழாயைப் பார்க்கவில்லை. மற்ற அடுப்பில் தேயிலையைப் போட்டு, மூடி, வடித்து, மூக்குப்பேணியில் ஊற்றினாள். பிறகுதான் நூலை இழுத்தாள்.

விறாந்தையில் தியாகலிங்கம் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெங்காயத்தின் தாள் சாயத் தொடங்கியிருந்தது. அருளம்பலம் துலாவில் ஏறுவதற்குக் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பாலேஸ்வரி வந்து பேணியை அவருடைய வலது கையில் கொடுத்தாள். அவர் அங்கே பார்த்தபடியே வாங்கிக்கொண்டார். இடது கை, பழக்கத்தில், தன்பாட்டில் நீண்டது.

அவள் அந்த உள்ளங்கையில் குழாயை வைத்தாள்.

இளஞ்சூடு பட்டதும் அவர் திரும்பினார். குழாயை உயர்த்தி வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"இது என்ன?" என்றார். "வல்லாரையும் இல்லை."

"இல்லை."

"அப்ப இதுக்கு என்ன பேர்?"

"தெரியாது," என்றாள் பாலேஸ்வரி. சிரிப்பு வந்தது. "இதுக்கு நான் இன்னும் பேர் வைக்கேல்லை."

அவர் நீலக் குழாயை உள்ளங்கைக்குள் மூடி வைத்துக்கொண்டு, மற்றக் கையால் வெறும் தேத்தண்ணியைக் குடித்தார்.